ஃபால்டி டவர்ஸ்: பன்னிரண்டே பகுதிகளில் முடிந்த ஹோட்டல் தொடர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன தொடர்?

பி.பி.சி.யின் இரண்டாம் சேனலில் வந்த ஆங்கில நகைச்சுவைத் தொடர். இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் கவுண்டியில், டார்கீ என்ற கடற்கரை ஊரில் தட்டுத் தடுமாறி நடக்கும் ஒரு சின்ன ஹோட்டல்தான் களம். முதல் ஆறு பகுதிகள் 1975 செப்டம்பர் 19 தொடங்கி வாரம் ஒன்றாக வந்தன. அடுத்த ஆறுக்கு ரசிகர்கள் மூன்றரை வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1979 பிப்ரவரியில் இரண்டாவது சீசன் தொடங்கியது. ஐந்து பகுதிகள் வந்ததும் பி.பி.சி.யில் தொழிலாளர் தகராறு. கடைசிப் பகுதி அந்த வருஷம் அக்டோபர் 25 அன்றுதான் ஒளிபரப்பானது. அதோடு சரி.

மொத்தமே 12 பகுதிகள். ஒவ்வொன்றும் அரை மணி நேரம், சிலது கொஞ்சம் கூடுதல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் மாலைக்குள் முழுத் தொடரையும் பார்த்து முடித்துவிடலாம். ஆனால் 2000-இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் தொலைக்காட்சித் துறையினரிடம் வாக்கெடுப்பு நடத்தி நூறு சிறந்த பிரிட்டிஷ் நிகழ்ச்சிகளைப் பட்டியலிட்டபோது, முதலிடம் இந்தப் பன்னிரண்டு பகுதிகளுக்குத்தான்.

ஹோட்டல் என்றால் சாப்பாட்டு ஹோட்டலா, தங்கும் ஹோட்டலா?

தங்கும் ஹோட்டல். நம்மூரில் ஹோட்டல் என்றதும் இட்லி வடைதான் கண்முன் வரும் என்பதால் இதைச் சொல்லிவிடுவது நல்லது. மாடியில் அறைகள், கீழே ரிசப்ஷன், டைனிங் ஹால், ஒரு சின்ன பார், பின்னால் சமையலறை. கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்கு வரும் நடுத்தரக் குடும்பங்கள், வியாபார வேலையாக வரும் விற்பனைப் பிரதிநிதிகள், நிரந்தரமாகவே அறை எடுத்து வாழும் வயதானவர்கள், இவர்கள்தான் வாடிக்கையாளர்கள். கணவனும் மனைவியுமே முதலாளி, மேனேஜர், வரவேற்பாளர் எல்லாம். இந்த மாதிரி குடும்ப ஹோட்டல்கள் அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் வரிசையாக இருந்தன.

கதையில் யார் யார்?

பாஸில் ஃபால்டி, ஹோட்டல் முதலாளி. ஆறரை அடிக்கு ஓர் அங்குலம்தான் குறைவான ஜான் கிளீஸ் நடித்தார். அந்த உயரத்தை அவர் பயன்படுத்தும் விதம் தனியாகக் கவனிக்க வேண்டியது. பெரிய மனிதர் எதிரே வந்தால் பாஸில் மடங்கிக் குழைவார். கோபம் வந்தால் கொக்கு மாதிரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நடப்பார்.

சிபில், அவர் மனைவி. நடித்தவர் புரூனெல்லா ஸ்கேல்ஸ். கூரையைத் தொடும் கொண்டை, எப்போதும் யாரோ தோழியுடன் தொலைபேசியில் பேச்சு. பார்ப்பதற்கு வேலை செய்யாதவர் போலத் தெரியும். கவனித்துப் பாருங்கள், கணக்கு பார்ப்பதும், புண்பட்ட விருந்தாளியைச் சமாதானப்படுத்துவதும், ஓட்டை விழுந்த இடத்தை அடைப்பதும் அவர்தான். சிபில் இல்லையென்றால் அந்த ஹோட்டல் ஒரு வாரம் தாங்காது.

மானுவெல், பார்சிலோனாவிலிருந்து வந்த சர்வர். ஆண்ட்ரூ சாக்ஸ். ஆங்கிலம் அரைகுறை, மனசு முழுசு. பாலி, ஓவியம் படிக்கும் பெண், பகுதிநேரமாகப் பரிமாறுகிறாள். கானி பூத். கிளீஸோடு சேர்ந்து தொடரை எழுதியதிலும் பாதி அவருடையது. மேஜர் கவன், நிரந்தர விருந்தாளி, நினைவு தப்பிப்போன முன்னாள் ராணுவ அதிகாரி. பாலார்ட் பார்க்லி. மிஸ் டிப்ஸ், மிஸ் கேட்ஸ்பி என்று எப்போதும் இணைபிரியாத இரண்டு பாட்டிகள். இரண்டாவது சீசனில் டெர்ரி என்ற சமையல்காரர் சேர்ந்துகொள்கிறார். இவ்வளவுதான் நிரந்தரக் கூட்டம்.

இப்படி ஒரு முதலாளி நிஜமாகவே இருந்தாரா?

இருந்தார். பெயர் டொனால்ட் சின்கிளேர், முன்னாள் கடற்படை அதிகாரி. டார்கீயில் கிளெனீகிள்ஸ் என்ற ஹோட்டலை நடத்திவந்தார். 1970 மே மாதம், பக்கத்து ஊரான பெய்ன்டனில் படப்பிடிப்புக்கு வந்த மான்ட்டி பைதான் என்ற நகைச்சுவைக் குழுவினர் அங்கே தங்கினார்கள். அந்தக் குழுவில் கிளீஸும் ஒருவர்.

குழுவில் இருந்த டெர்ரி கில்லியம் அமெரிக்காவில் பிறந்தவர். இறைச்சியை வெட்டிவிட்டு, முள்கரண்டியைக் கை மாற்றிச் சாப்பிடுவது அமெரிக்கர்கள் வழக்கம். அதைப் பார்த்த சின்கிளேர், இங்கிலாந்தில் அப்படிச் சாப்பிடுவதில்லை என்று சாப்பிடுகிற மனிதரின் முகத்துக்கு நேரே சொன்னார். குழுவில் இன்னொருவரான எரிக் ஐடில் மறந்து வைத்துவிட்டுப் போன பெட்டியை ஹோட்டலுக்கு வெளியே மதிலுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார். ஏன் என்று கேட்டால், உள்ளே டிக் டிக் சத்தம், வெடிகுண்டாக இருக்கும் என்று பதில். இருந்தது அலாரக் கடிகாரம். மற்றவர்கள் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஹோட்டலுக்குப் போய்விட்டார்கள். கிளீஸ் போகவில்லை. அப்போது அவர் மனைவியாக இருந்த கானி பூத்தும் வந்து சேர்ந்துகொள்ள, இருவரும் அந்த மனிதரைக் கவனித்துக்கொண்டே அங்கே தங்கினார்கள்.

அதிலிருந்து நேரே தொடர் பிறந்துவிடவில்லை. 1971-இல் லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷனில் மருத்துவர்களைப் பற்றிய ஒரு நகைச்சுவைத் தொடருக்குக் கிளீஸ் சில பகுதிகள் எழுதிக் கொடுத்தார். அதில் ஒன்றில் சிடுசிடுப்பான ஹோட்டல்காரர் ஒருவர் வருகிறார். இந்த ஆளை வைத்துத் தனித் தொடரே எழுதலாமே என்று சொன்னவர் தயாரிப்பாளர் ஹம்ப்ரி பார்க்லே. கிளீஸ் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விதை மட்டும் தங்கிவிட்டது.

சின்கிளேர் குடும்பத்துக்கு இது வருத்தம் தந்த விஷயம் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் 1981-இல் இறந்தார். தன் கணவர் கோமாளி இல்லை, கண்ணியமானவர் என்று அவர் மனைவி பல வருஷங்கள் கழித்தும் வாதாடினார். அதில் நியாயம் உண்டு. மூன்று வாரம்கூட முழுசாகப் பழகாத ஒருவரைப் பார்த்து எழுதிய பாத்திரம் அது. திரையில் நாம் பார்க்கும் பாஸிலின் பயமும் ஆசையும் எழுதியவர்களின் கற்பனை.

பி.பி.சி. உடனே ஒப்புக்கொண்டதா?

முதல் கதையைப் படித்த பி.பி.சி. அதிகாரி ஒருவர் 1974 மே மாதம் எழுதிய குறிப்பு இன்றைக்கும் பிரபலம். தலைப்பைப் போலவே கதையும் மோசம், அரைத்த மாவையே அரைத்திருக்கிறார்கள், பாத்திரங்கள் எல்லாம் பார்த்துப் பார்த்துச் சலித்தவை, எடுத்தால் படுதோல்விதான் என்பது அதன் சாரம். தாளில் மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றியிருக்கும். கணவனை அதட்டும் மனைவி, பாஷை தெரியாத வெளிநாட்டு வேலைக்காரன், மறதிக்கார மேஜர்: ஒவ்வொன்றும் தனித்தனியே பழைய சரக்குதான். எந்த வேகத்தில் ஒன்றோடொன்று மோதும் என்பது தாளில் தெரியாது.

நகைச்சுவைப் பிரிவின் தலைவராக இருந்த ஜிம்மி கில்பர்ட் வேறொரு யோசனை சொன்னார். ஹோட்டலுக்குள்ளேயே எல்லாம் நடந்தால் அலுத்துவிடும், ஆட்களைக் கொஞ்சம் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். கிளீஸ் மறுத்தார். ஹோட்டல் ஒரு பிரஷர் குக்கர், மூடியைத் திறந்தால் ஆவி போய்விடும் என்பது அவர் கட்சி. அவர் சொன்னதுதான் சரி என்பதற்குப் பன்னிரண்டு பகுதிகளும் சாட்சி. பாஸிலுக்கு ஓடி ஒளிய இடமே கிடையாது. மனைவி ரிசப்ஷனில், சமையலறையில் மானுவெல், மாடியில் விருந்தாளி, வாசலில் புதிதாக ஒருவர். எந்தக் கதவைத் திறந்தாலும் அவர் பார்க்க விரும்பாத முகம்தான் நிற்கும்.

முதல் ஒளிபரப்பின்போது வரவேற்பு சுமார்தான். ஒரு பெரிய நாளிதழ், ஆள்தான் உயரம், சிரிப்பு குறைவு என்ற பொருளில் தலைப்பே போட்டது. மறு ஒளிபரப்புகளில்தான் ஊர் முழுக்கப் பேச்சானது.

அந்த ஹோட்டல் ஏன் உருப்படவே இல்லை?

என்னைப் பொறுத்தவரை தொடரின் இதயமே இந்தக் கேள்விதான்.

இடம் மோசமில்லை. கடல் தெரிகிறது. பாலி கெட்டிக்காரி. மானுவெல் உழைப்பாளி. சிபிலுக்குத் தொழில் தெரியும். இருந்தும் ஹோட்டல் மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கிறது. காரணம், முதலாளிக்கு விருந்தாளிகளைப் பிடிக்காது. அவர்கள் சாப்பாடு கேட்கிறார்கள், தட்டச்சுப் பொறி கேட்கிறார்கள், காலையில் எழுப்பச் சொல்கிறார்கள். முகம் கோணிப் பார்த்தாலே விருந்தாளி வாடிவிடுவார் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். பாஸில் முகம் கோணாமல் ஒரு விருந்தாளியைப் பார்த்ததே கிடையாது, ஒரே ஒரு வகையினரைத் தவிர.

அந்த வகைதான் முக்கியம். பெரிய இடத்து மனிதர்கள். முதல் பகுதியில் பாஸில், தரமான ஆட்களை வரவழைக்க வேண்டும் என்று மேட்டுக்குடியினர் படிக்கும் பத்திரிகையில் அதிகச் செலவில் விளம்பரம் கொடுத்திருக்கிறார். மெல்பரி என்று ஒருவர் வருகிறார். பதிவேட்டில் குடும்பப் பெயரை மட்டும் எழுதினால் எப்படி, முழுப் பெயரையும் எழுதும் என்று பாஸில் எரிந்து விழுகிறார். வந்தவர் பிரபு, பட்டத்தோடு எழுதினால் முழுப் பெயரே அவ்வளவுதான் என்று தெரிந்த அடுத்த நொடி, குரல், முதுகு, கண், எல்லாம் மாறிவிடுகின்றன. ஏற்கெனவே சாப்பிட உட்கார்ந்த குடும்பத்தை எழுப்பி ஜன்னலோர மேஜையைப் பிரபுவுக்குக் கொடுக்கிறார். பணம் கேட்டால் பணம். பாஸிலின் நாணய சேகரிப்பை மதிப்பிட்டு வாங்கித் தருகிறேன் என்றால் அதையும் தூக்கிக் கொடுக்கிறார். பிரபு ஒரு மோசடிக்காரன். அவன் நம்பிக்கையாக ஒப்படைத்த பெட்டியைத் திறந்தால் உள்ளே செங்கல். பாஸில் அவன்மேல் பாயும் அதே நேரத்தில் நிஜமான மேட்டுக்குடித் தம்பதி ஒன்று வாசலில் வந்து நிற்கிறது. நடப்பதைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போகிறது.

இந்த ஒரு பகுதியிலேயே எல்லாம் இருக்கிறது. தன் ஹோட்டலில் தங்குகிறவர்களின் அந்தஸ்துதான் தன் அந்தஸ்து என்று பாஸில் நம்புகிறார். சாதாரண ஆட்கள் வந்தால் தானும் சாதாரணம் என்று ஆகிவிடுகிறது. அது அவருக்குத் தாங்கவில்லை. ஆகவே சோறு போடுகிறவர்களையே வெறுக்கிறார். அடியில் இருப்பது கர்வம் என்று சொல்வார்கள். எனக்குத் தெரிவது பயம். நாலு பேர் முன்னால் தலை குனிய நேர்ந்துவிடுமோ என்ற பயம், மனைவிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். பயந்தவன் பொய் சொல்கிறான். அந்தப் பொய்யை மறைக்க இன்னொன்று.

ஒரு பகுதியின் கதை எப்படி ஓடும்? உதாரணம் சொல்லுங்களேன்.

இரண்டாவது சீசனின் முதல் பகுதியை எடுத்துக்கொள்வோம். ரிச்சர்ட்ஸ் என்ற அதிகாரம் மிக்க பாட்டியம்மா வருகிறார். காது கேளாது. காது மிஷின் இருக்கிறது, பேட்டரி தீர்ந்துவிடும் என்று அதை அணைத்தே வைத்திருப்பார். ஜன்னலில் காட்சி சரியில்லை என்று புகார் செய்கிறார். டார்கீ ஹோட்டல் ஜன்னலில் வேறென்ன தெரியும் என்று எதிர்பார்த்தீர்கள் என்று பாஸில் வெடிக்கும் இடம் இந்தத் தொடரின் மிகப் புகழ்பெற்ற வசனம். சிட்னி ஆபரா மாளிகையிலிருந்து பாபிலோன் தொங்கும் தோட்டம் வரை அதில் வந்துவிடும்.

இதற்கு நடுவில், ஒரு விருந்தாளி சொன்ன யோசனைப்படி பாஸில் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டி 75 பவுண்டு ஜெயிக்கிறார். சூதாடக் கூடாது என்பது சிபிலின் கட்டளை. ஆகவே மானுவெலுக்குப் பாடம் எடுக்கிறார்: யார் கேட்டாலும் உனக்கு எதுவும் தெரியாது. பணத்தை மேஜரிடம் பத்திரமாக வைக்கச் சொல்கிறார். மறதிக்கார மேஜரிடம்!

அதே சமயம் பாட்டியம்மா தன் அறையிலிருந்து 85 பவுண்டு திருடு போய்விட்டது என்கிறார். பாஸிலின் கையில் ஏது இவ்வளவு பணம் என்று சிபிலுக்குச் சந்தேகம். அது நான் ஜெயித்த பணம் என்று பாலி பொய் சொல்கிறாள். குதிரையின் பெயர் என்ன என்று சிபில் கேட்கிறார். சிபில் பார்க்காதபடி நின்று பாஸில் கை கால்களால் நடித்துக் காட்ட, பாலி அதைப் பார்த்து ஊகிக்க வேண்டும். பிறகு, பணம் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க ஒரே சாட்சியான மானுவெலை பாஸில் இழுத்துவந்து நிறுத்துகிறார். மானுவெல் முகமெல்லாம் பெருமிதம். கற்றுக்கொடுத்ததை அச்சுப் பிசகாமல் ஒப்பிக்கிறான்: எனக்கு எதுவும் தெரியாது.

அந்த இடத்தில் பாஸிலின் முகத்தைப் பாருங்கள். யாரும் அவருக்குக் கெடுதல் செய்யவில்லை. அவரே வெட்டிய குழி, அவரே சொல்லிக்கொடுத்த வார்த்தை. கடைசியில் ஒரு பூச்சாடி உடைகிறது, மேஜருக்குத் தவறான நேரத்தில் ஞாபகம் திரும்புகிறது, ஜெயித்த பணம் பாட்டியம்மாவின் கைக்குப் போகிறது. அரை மணி நேரத்தில் ஒரு நூல்கூடத் தொங்கலாக விடப்படவில்லை.

ஏன் பன்னிரண்டோடு நிறுத்தினார்கள்?

எழுதுவதற்கு அவ்வளவு காலம் பிடித்தது என்பது ஒரு காரணம். ஒரு பகுதியை எழுத ஆறு வாரம் ஆனதாகக் கிளீஸ் சொல்லியிருக்கிறார். இருவரும் முதலில் வசனமே எழுத மாட்டார்கள். கதை முடிச்சுகளை மட்டும் வாரக் கணக்கில் பேசிப் பேசிக் கோத்துவிட்டு, பிறகுதான் பேச்சு. அரை மணி நேர நகைச்சுவைத் தொடருக்கு வழக்கமாக இருக்கும் பக்கங்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு இவர்களுடைய பிரதி. அதனால்தான் அவ்வளவு வேகம். நடிகர்களுக்குச் சில நாள் ஒத்திகை, பிறகு ஸ்டூடியோவில் பார்வையாளர்கள் முன்னால் ஒரே மாலையில் படப்பிடிப்பு.

இன்னொன்று, இரண்டு சீசன்களுக்கும் இடையில் எழுதிய இருவருடைய வாழ்க்கை மாறிவிட்டது. 1968-இல் மணம் செய்துகொண்ட கிளீஸும் கானி பூத்தும் 1978-இல் விவாகரத்துப் பெற்றார்கள். பிரிந்த பிறகும் சேர்ந்து நடித்து முடித்தது இரண்டாவது சீசன். அதில் தரம் ஒரு இழைகூடக் குறையவில்லை, என் கணக்கில் கூடித்தான் இருக்கிறது. அதற்குமேல் எழுதினால் இதைவிடச் சிறப்பாக எழுத முடியாது என்று இருவருக்கும் தோன்றியது. நிறுத்திக்கொண்டார்கள். வெற்றி பெற்ற தொடரை வருஷக்கணக்கில் இழுப்பதே வழக்கமாக உள்ள தொழிலில், இது அபூர்வமான முடிவு. பின்னாளில் இங்கிலாந்தில் பல நகைச்சுவை எழுத்தாளர்கள் இரண்டு சீசன், பன்னிரண்டு பகுதி என்பதையே ஓர் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள்.

கானி பூத்தின் பங்கு என்ன?

சரிபாதி. பலர் இதை கிளீஸின் தொடர் என்றே பேசுகிறார்கள். அது அநியாயம். ஒவ்வொரு பகுதியிலும் எழுத்து என்று இருவர் பெயரும் சேர்ந்தே வரும். பிறகு அவர் நடிப்பை விட்டுவிட்டு மனநல சிகிச்சை ஆலோசகராகிவிட்டார். பல வருஷம் இந்தத் தொடரைப் பற்றிப் பேட்டி தர மறுத்தவர், 2009-இல் ஓர் ஆவணப் படத்துக்காகத்தான் பேசினார். அவர் பேசாமல் இருந்ததாலேயே புகழ் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மானுவெலை அடிப்பதும் கேலி செய்வதும் சரியா?

இன்றைக்குப் பார்க்கிறவர்களில் பலர் கேட்கும் கேள்வி, கேட்க வேண்டிய கேள்வியும்தான். பாஸில் அவன் தலையில் தட்டுகிறார், கத்துகிறார். பார்க்கவே சங்கடமாக இருக்கும் இடங்கள் உண்டு.

ஆனால் கதை யார் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். குறைந்த சம்பளத்துக்குக் கிடைக்கிறான் என்று அவனைச் சேர்த்தவர் பாஸில். ஸ்பானிஷ் எனக்குத் தெரியும் என்று பீற்றிக்கொள்பவரும் அவரே. மானுவெலுக்குப் புரியவில்லை என்றால், நான் படித்தது செம்மொழி ஸ்பானிஷ் என்று சமாளிக்கிறார். குற்றம் கேட்பவனுடையதல்ல, சொல்லத் தெரியாதவருடையது. மானுவெல் ஒரு முறைகூடக் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்வதில்லை.

இந்தப் பாத்திரத்தில் நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் ஸ்பெயின்காரர் அல்ல. 1930-இல் பெர்லினில் பிறந்தவர். அப்பா யூதர். நாஜிகளுக்குத் தப்பி 1938-இல் குடும்பத்தோடு இங்கிலாந்து வந்த சிறுவன். புரியாத பாஷைக்கு நடுவில் ஒருவன் எப்படி முழிப்பான் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. அந்த முழியில் கேலி இல்லை, நினைவு இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. நடிப்புக்காக அவர் உடம்பாலும் விலை கொடுத்தார். ஒரு பகுதியில் தீப்பிடிக்கும் காட்சிக்காகச் சட்டையில் தடவிய ரசாயனம் அவர் தோலைப் புண்ணாக்கியது.

ஸ்பெயினில் இந்தத் தொடரை டப்பிங் செய்தபோது மானுவெலை இத்தாலிக்காரனாக மாற்றிவிட்டார்கள். பார்சிலோனா இருக்கும் கத்தலோனியாவின் மொழியில் அவன் மெக்சிகோக்காரன்.

ஜெர்மானியர்கள் வரும் பகுதி பற்றி என்ன சர்ச்சை?

முதல் சீசனின் கடைசிப் பகுதி. தலையில் அடிபட்ட பாஸில், ஜெர்மன் விருந்தாளிகள் முன்னால் உலகப் போரைப் பற்றிப் பேசவே கூடாது என்று எல்லோரையும் எச்சரிக்கிறார். பிறகு வாயைத் திறந்தாலே போர்தான் வருகிறது, அவர்கள் அழும் அளவுக்கு. சிரிப்புக்கு ஆளாவது தங்கள் பழைய வெற்றியைவிட்டு வெளியே வர முடியாத ஆங்கிலேயர்கள். இதைக் கிளீஸும் பலமுறை விளக்கியிருக்கிறார்.

சர்ச்சை அந்தக் காட்சியால் வரவில்லை. அதே பகுதியில் மேஜர், வெஸ்ட் இண்டீஸ், இந்திய கிரிக்கெட் ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசும்போது இனவெறிச் சொற்களைப் பயன்படுத்துகிறார். 2020 ஜூனில் ஒரு பிரிட்டிஷ் இணையச் சேவை அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் எச்சரிக்கைக் குறிப்போடு திரும்ப வைத்தது. காலாவதியான கிழவரின் வாயில் வரும் சொற்கள் அவை, எழுதியவர்கள் அவரைத்தான் அம்பலப்படுத்துகிறார்கள் என்பது கிளீஸின் வாதம். அதை நான் ஏற்கிறேன். ஆனால் அந்தச் சொற்கள் ஓர் இந்தியர் காதில் எப்படி விழும் என்பதும் எனக்குத் தெரியும். எச்சரிக்கை போடுவது நியாயம், வெட்டுவது வேண்டாம்.

அந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது? போய்ப் பார்க்கலாமா?

பார்க்க எதுவும் மிச்சமில்லை. வெளித்தோற்றம் டார்கீயே அல்ல. லண்டனுக்கு மேற்கே பக்கிங்ஹாம்ஷயரில் இருந்த வூபர்ன் கிரேஞ்ச் என்ற மாளிகை அது. 1991-இல் தீப்பிடித்து, பிறகு இடிக்கப்பட்டது. உட்புறக் காட்சிகள் லண்டன் ஸ்டூடியோவில் எடுத்தவை. மூலக்காரணமான கிளெனீகிள்ஸ் ஹோட்டல் டார்கீயில் 2016 வரை நின்றது. அதையும் இடித்துவிட்டு முதியோருக்கான குடியிருப்பு கட்டினார்கள். குடியிருப்புக்கு சாக்ஸ் லாட்ஜ் என்று பெயர். மானுவெலாக நடித்தவரின் நினைவாக வைத்தது.

தொடக்கத்தில் காட்டும் பெயர்ப்பலகையில் எழுத்துகள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன?

யாரோ குறும்பு செய்கிறார்கள். முதலில் ஓர் எழுத்து சாயும், பிறகு விழும், பிறகு இடம் மாறி வேறு சொற்களாகும், சில சமயம் வீட்டில் சொல்லக் கூடாத சொற்களாக. பேப்பர் போடும் பையன்தான் ஆள் என்பதை இரண்டாவது சீசனில் ஒரே ஒரு முறை காட்டிவிடுகிறார்கள். ஃபால்டி என்ற குடும்பப் பெயரே, பழுதுபட்டது என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் ஒலியோடு ஒட்டியது.

அமெரிக்காவில் மறுபடி எடுத்தார்களாமே?

மூன்று தடவை முயன்றார்கள். 1978-இல் ஹார்வி கோர்மனும் பெட்டி ஒயிட்டும் நடித்த மாதிரிப் பகுதி ஒன்று, தொடராகவே ஆகவில்லை. 1983-இல் பியா ஆர்தர் நடித்த அமாண்டாஸ், சில மாதங்களில் நின்றது. 1999-இல் ஜான் லாரகெட் நடித்த பெய்ன், எட்டுப் பகுதிகள் ஒளிபரப்பாகி நின்றது. உண்மையிலேயே அற்ப ஆயுளில் போன ஹோட்டல் தொடர்கள் என்றால் இவைதான்.

அமாண்டாஸ் பற்றி கிளீஸ் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. என்ன மாற்றம் செய்தீர்கள் என்று கேட்டாராம். பெரிதாக ஒன்றுமில்லை, பாஸிலை எடுத்துவிட்டோம் என்று பதில் வந்ததாம். ஹோட்டல் இருந்தது, வெளிநாட்டு சர்வர் இருந்தார், குழப்பமும் இருந்தது. பயந்துகொண்டே பொய் சொல்லும் அந்த மனிதர் இல்லை. ஒரு பெண் முதலாளியை வைத்து இதைச் செய்ய முடியாது என்பதல்ல. அமாண்டாவுக்கு எதையும் யாரிடமிருந்தும் மறைக்க வேண்டிய கட்டாயமே கிடையாது. வீட்டுக்குள் ஒரு சிபில் இல்லை. அப்புறம் பொய் எதற்கு?

ஜெர்மனியிலும் 2001-இல் ஒரு மாதிரிப் பகுதி எடுத்துப் பார்த்தார்கள். தொடரவில்லை.

மூன்றாவது சீசன் வருமா?

2023 பிப்ரவரியில், தன் மகளோடு சேர்ந்து புதிதாக எழுதப்போவதாகக் கிளீஸ் அறிவித்தார். மேடை வடிவம் ஏற்கெனவே வந்துவிட்டது. 2024-இல் லண்டன் அப்பல்லோ தியேட்டரில், மூன்று பகுதிகளைக் கோத்து ஒரே நாடகமாகப் போட்டார்கள். மேடைக்கு இது பொருந்தும், ஏனென்றால் தொடக்கத்திலிருந்தே இது கதவுகளும் மாடிப்படியும் உள்ள மேடை நாடகம்தான். தொலைக்காட்சியில் புதிதாக வேண்டாம் என்பதே என் விருப்பம். சாக்ஸ் 2016-இல் போய்விட்டார். புரூனெல்லா ஸ்கேல்ஸ் 2025 அக்டோபரில் மறைந்தார். மேஜரும் சமையல்காரரும் அதற்கு வெகு முன்பே.

புதிதாகப் பார்க்கிறவர் எதிலிருந்து தொடங்கலாம்?

வரிசையாகப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. மேலே சொன்ன பாட்டியம்மா பகுதி நல்ல தொடக்கம். கார் நடுவழியில் நின்றுபோய், பாஸில் மரக்கிளையை ஒடித்துவந்து அதை அடிக்கும் காட்சியை மட்டும் துண்டாகப் பார்த்திருப்பீர்கள். அது உயர்தர விருந்து நடத்த ஆசைப்படும் பகுதி. முழுதாகப் பாருங்கள். அடி ஏன் விழுகிறது என்று தெரிந்தால் சிரிப்பு இரட்டிப்பாகும். இரவில் தூக்கத்திலேயே இறந்துபோன விருந்தாளியை மற்றவர்கள் கண்ணில் படாமல் வெளியேற்றும் பகுதியும் தவறவிடக் கூடாதது. ஹோட்டல் தொழிலில் பெரிய தொல்லை எது என்று அந்தத் துறை நண்பரிடம் கிளீஸ் கேட்டபோது, அறையில் இறந்துபோகிறவர்கள்தான் என்று பதில் வந்ததாம். கதை அங்கே பிறந்தது. இறப்பவருக்கு அந்த நண்பரின் குடும்பப் பெயரையே வைத்தார்.

கடைசிப் பகுதி எப்படி முடிகிறது? ஹோட்டலை மூடிவிடுகிறார்களா?

மூடுவதில்லை. சமையலறை சுத்தமாக இல்லை என்று சுகாதார ஆய்வாளர் நீண்ட பட்டியல் வாசித்துவிட்டு, மறுபடி வந்து பார்ப்பேன் என்று எச்சரித்துப் போகிறார். அந்த நேரம் பார்த்து, வெள்ளெலி என்று நம்பி மானுவெல் ஆசையாக வளர்க்கும் பெருச்சாளி கூண்டிலிருந்து தப்பிவிடுகிறது. ஆய்வாளர் திரும்பி வந்து டைனிங் ஹாலில் சாப்பிட்டு முடிக்கிறார். சிபிலும் பாலியும் பேச்சுக் கொடுத்துக்கொண்டு நிற்க, பாஸில் பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டுகிறார். பிஸ்கட்டுக்கு நடுவே பெருச்சாளி தலையை நீட்டி ஆய்வாளரைப் பார்க்கிறது. ஆய்வாளர் அதைப் பார்க்கிறார். தன் கண்ணையே நம்ப முடியாமல் உறைந்துபோகிறார். சிபில் உடனே அவரிடம் வெளியே மறுபடி மழை பிடித்துக்கொண்டதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். பின்னால், மயங்கி விழுந்த பாஸிலை இரண்டு கால்களையும் பிடித்து மானுவெல் மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டு போகிறான்.